பத்துப் பத்தாகப் பிரிப்பது

“பேர்களைப் பத்துப் பத்தாப் பிரிக்கிற வேலையைக்கூட மொழியே செஞ்சு குடுக்கணுமாக்கா?”

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில், முன்னிருக்கைப் பையன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டான். இருவரும் ஏதோ கணினி மொழி உருவாக்குகிறவர்கள் போல.

“அவனவனே புரோகிராம்ல எழுதுனா, இருபத்திமூணு பேருல மிஞ்சுற மூணு பேரை விட்டுருவான்டா. நாமளே சேத்துக் குடுத்துருவோம்.”

“இன்னைக்கு இது, நாளைக்கு இன்னொண்ணும்பாங்க. சேத்துட்டா பொறவு எடுக்கவும் முடியாதுக்கா. நம்ம குழு ஓட்டெடுப்பு இன்னைக்கோட முடியுது, பாத்துப் போடுங்க.”

கொண்டை ஊசி வளைவில் பேச்சை விட்டு இருவரும் கைப்பேசியைத் தட்டினார்கள்.

“சிக்னல் போறதுக்குள்ள என் ஓட்டைப் போட்டுட்டேன்க்கா. நீங்க சொன்னதுதான் சரி. சேக்கலாம்னு போட்டேன்.”

“அட கிறுக்கா, நீ சொன்னதைக் கேட்டு நான் வேண்டாம்னுல்ல போட்டேன்!”

“அப்ப யாரு சொன்னதுக்கா சரி?”