ஜப்பானுக்கு ஒரு டம்ளர்

ஓசூர் பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னால் ஒரு பெண் சொன்னாள்: "ஜப்பான்ல போயி பிளாஸ்டிக் கப்புல குடிச்சீங்கன்னா எங்கிட்டப் பேசாதீங்க."

கம்பெனிப் பயிற்சிக்குக் கிளம்பிய கணவனின் பையில் எவர்சில்வர் டம்ளரைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"கூட வர்றவங்க சிரிப்பாங்க மஞ்சு."

"சிரிக்கட்டும். நம்ம செவலை செத்தப்ப மாட்டு டாக்டரு வயித்த அறுத்துப் பாத்தாரே, மறந்துட்டீங்களா? அத்தனையும் பிளாஸ்டிக் கவரு."

"அது நம்ம ஊரு கெலமங்கலம். ஜப்பான்ல மாடு குப்பையிலயா மேயுது?" என்று அவன் சிரித்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. செனை மாடுங்க அது."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவன் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னான்: "கப்பத் தொடமாட்டேன். நீ வீட்டுக்குப் போயி மொதல்ல சாப்பிடு."