எறும்புகள் வலப்பக்கம் திரும்பிய மேசை

தங்கள் பாராட்டு விழா அவையில் கூடியிருப்போர்: துறைப் பேராசிரியர் ஐவர், அலுவலகக் கண்காணிப்பாளர், தட்டச்சு அக்கா, தோட்டக்காரர், ஊதியம் பெற்று ஆய்வு செய்த முன்னாள் மாணவர் முப்பத்தெட்டுப் பேர், தங்கள் கணவர், தங்கள் மாமியார், முன்வரிசையில் முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் மூத்த ஆய்வக உதவியாளராகிய பெரியவர். இத்தனை பேர் சாட்சியாக,

எறும்பின் நடையையும் எண்ணி அறிந்தவரே! பிழை கண்டால் பிறர் சொல்லும்வரை பொறுக்காதவரே! பேராசிரியை அம்மையே, வணக்கம்!

இளநிலை மாணவர்கள், விடுமுறையில் அல்ல, வகுப்பு நடக்கும் நாட்களிலேயே ஆசிரியரோடு ஆய்வு செய்து ஊதியமும் பெறலாம் என்று தாங்கள் திட்டம் கொண்டுவந்தபோது, "படிக்கிற புள்ளைக்குச் சம்பளமா?" என்று மூக்கின்மேல் விரல் வைத்தவர்களுள் முதலாமவர் நம் பெரியவரே. "சம்பளம் இல்லாம வேலை வாங்கினா அது ஆராய்ச்சி இல்ல பெரியவரே, எடுபிடி" என்றீர்கள். ஐந்து மணி அடித்தால், "நாளைக்குப் பரீட்சை இருக்குல்ல? எறும்பு எங்கயும் ஓடாது, கிளம்பு" என்று பிள்ளைகளை விரட்டுவீர்கள். எறும்பு ஒருமுறை ஓடியது. ஊழியர் அறைச் சர்க்கரை டப்பா அதனை அறியும்.

பாதை இரண்டாய்ப் பிரிந்தால் எறும்பு வலப்பக்கமே திரும்பும் என்பது தங்கள் நான்காண்டுக் கண்டுபிடிப்பு. கட்டுரை வெளிவந்தது, கைத்தட்டலும் வந்தது. திட்டம் தொடரலாமா, மூடலாமா என்று முடிவுசெய்யக் குழு வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. அன்றுதான், 'துறுதுறு' என்று நாங்கள் அழைத்த இரண்டாமாண்டு மாணவி, கூந்தலை முடியப் பென்சிலை எறும்புத் தட்டு இருக்கும் மேசைமேல் வைத்தாள். அது வலப்பக்கம் உருண்டது. எடுத்து வைத்தாள்; மீண்டும் உருண்டது. எறும்புத் தட்டைத் தலைமாற்றி வைத்தாள். எறும்புகள் இடப்பக்கம் போயின.

"மேடம், எறும்பு மேல தப்பில்ல. மேசைதான் சாயுது."

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. அவருக்குத் துறை என்பது குடும்பம். குடும்ப மானம் உயிர். "அம்மா, மேசைக் கால்ல ஒரு அட்டையைச் சொருகிட்டாப் போச்சு. குழு வந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்டு விஷயம் சந்தி சிரிக்கக் கூடாது."

"மறைச்சாத்தான் சிரிப்பாங்க பெரியவரே" என்றீர்கள்.

குழு வந்தது. தாங்களே பென்சிலை உருட்டிக் காட்டினீர்கள். அது தலைவரின் காலடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்தவர் கேட்டார்: "நாலு வருஷமா உங்க கண்ணுல படலையா?"

"படல. அதுக்குத்தான் இந்தப் பொண்ணுக்குச் சம்பளம்."

அறையே சிரித்தது, திட்டம் பிழைத்தது. பழைய கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றீர்கள். புதிய கட்டுரையில் மாணவியின் பெயரை முதலில் இட்டீர்கள். ஒரு வாரம் சோறு இறங்காதிருந்த பெரியவர், குழு வந்த அன்று மூன்று கரண்டி கூடுதலாகக் கேட்டு வாங்கினார். மானம் என்பது கோணலை மூடுவதன்று, கோணலென்று சொல்வது என்பதை எங்கள் குடும்பம் அன்று கண்டது.

அம்மையே! உடல் நலிவின்றி, உள்ளம் சலிப்பின்றி, ஐந்து மணிக்குப் பின்னும் எறும்பு பார்த்து நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
துறைப் பணியாளர் அனைவரும்

அடிக்குறிப்பு: விழாவுக்காக அந்த மேசையைத் தச்சரை வைத்துச் சீராக்கிவிட்டோம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். தச்சர் வந்தார், பெரியவர் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்.