சங்குப்பூத் தண்ணீர்

சங்குப்பூவை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும், ஐயா. காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வேலி முழுக்க அது தானாகவே படர்ந்து கிடக்கிறது. மலாய்க்காரர்கள் அதில் சோற்றுக்கு நீலம் ஏற்றுவார்கள். நான் தேங்காயெண்ணெயில் போட்டு வைப்பேன். மாதக்கணக்கில் எண்ணெய் காறாது. கெடுவதைத் தடுக்கும் ஏதோ ஒன்று அந்தப் பூவில் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் என் தங்கை சுல்தானாவுக்குக் காசநோய் கண்டது. அவள் கணவர் யூனுஸ் அவளை என்னிடம் விட்டுவிட்டு ஈப்போ கடைக்குத் திரும்பினார். மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது என்றார் மருந்து கொடுத்த ஆஸ்பத்திரி டிரசர். மூன்று மாதம் நானும் விடவில்லை. அவளுக்குக் கன்னம் தேறியது, சோறு இறங்கியது. பதினோரு வருஷம் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தவள் நான். சாயங்காலம் “லாத்தா” என்று அக்காவைக் கூப்பிட ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

‘நல்லபடி தேறியதும் வந்து கூட்டிப்போகிறேன்’ என்று யூனுஸ் கடுதாசி போட்டார். அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பூத்தண்ணீர் கொடுத்தேன்.

“மாத்திரை எங்க, லாத்தா?”

“இதுலயே கரைச்சிட்டேன் புள்ள. கசக்காம குடி.”

எலுமிச்சை பிழிந்தேன். நீலம் ஊதாவாக மாறியது.

“பாத்தியா, மருந்து வேலை செய்யுது.”

எலுமிச்சை பிழிந்தால் அந்தத் தண்ணீர் எப்போதும் அப்படித்தான் மாறும். அவள் நம்பினாள். தினமும் தன் கையாலேயே பிழிந்து பார்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் மாத்திரை வாங்கி வந்தேன்.

மெர்டேக்கா அன்று பக்கத்து வீட்டு ரேடியோவை இருவரும் கேட்டோம். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்த மாதம் மௌத்தானாள்.

நான் விஷம் எதுவும் வைக்கவில்லை, ஐயா. கெடாமல் காக்கிற பூவைத்தான் கொடுத்தேன்.

மாத்திரைகளை என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். ஒன்றையும் எறியவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். யூனுஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். டின் பாதி காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போன மாதம் எனக்கும் இருமல் வந்தது, சளியில் ரத்தம் தெரிந்தது. அன்று முதல் ஒரு வேளையும் விடாமல் அந்த மாத்திரைகளைத்தான் சாப்பிட்டு வருகிறேன்.