துரைராஜ் மீட்டு வந்த சிவப்புக் கன்று

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் துணைத் தலைவர் அறிவழகன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் செல்லக்கிளி அம்மா அவர்களே, பால் ஊற்றிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் மந்தாரக்குப்பத்து உறுப்பினர்களே, நகரியத்து நண்பர்களே, வணக்கம்.

நம் பால் சங்கத் தலைவர் துரைராஜ் அவர்கள் மறைந்து இன்று பத்தாம் நாள். செயலாளர் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்று பேசாமல் போனால் அது தப்பு.

மைன்ஸில் ஷிப்ட் முடித்த கையோடு தொழுவம் கூட்டியவர் நம் தலைவர். உம்பளச்சேரி மாட்டை இங்கே முதலில் கொண்டுவந்தவர் யார்? அவர்தான். வேதாரண்யம் பக்கத்து உவர்நிலப் புல்லைத் தின்று, முழங்கால் சேற்றில் ஏர் இழுத்து உருவான இனம் அது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை, உடம்பு சாம்பல். பால் கொஞ்சம்தான். ஆனால் போன கோடையில் நம் ஜெர்சிகள் நுரை தள்ளி நின்றபோது, அவருடைய பசுக்கள் வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தன.

இந்த இனத்தில் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். அது நமக்குத் தெரியவில்லை. முதல் கன்றுகளைப் பார்க்க வந்த அதிகாரி ‘கலப்பினம்’ என்று எழுதினார். தலைவர் அசரவில்லை. “எட்டு மாசம் கழிச்சு வாங்க சார். கன்னு நெறம் மாறிடும். நீங்க எழுதினதுதான் மாறாது” என்றார்.

நம்மில் யார் அவரை நம்பினோம்? நானும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த சிவப்புக் காளைக்கன்றைச் சேத்தியாத்தோப்பு வியாபாரியிடம் தள்ளிவிட்டேன்.

தலைவர் தன்னுடைய ஜெர்சிப் பசுவைக் கொடுத்து அந்தக் கன்றை மீட்டு வந்தார். அவர் மனைவி செல்லக்கிளி அம்மா வாசலிலேயே மறித்தார்கள்.

“கறக்கற மாட்டக் குடுத்துட்டு இத்தப் புடிச்சிகினு வந்திருக்க. நாளைக்கு டீக்கு இதுகிட்டயா பால் கேப்ப?”

“மூணு வருசம் போவட்டும். ஊரே இதத் தேடிகினு வரும் பாரு.”

ஏழாம் மாதம் கன்று சாம்பலானது. இன்று இந்த வட்டாரத்தில் இந்த இனத்துக்கு இருக்கும் ஒரே பொலிகாளை அதுதான்.

அதைத்தான் வரும் திங்கட்கிழமை லாரியில் ஏற்றச் சங்கத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். “தீனி யாரு போடறது? ஜெர்சி சினை ஊசி போதும்” என்கிறார் அறிவழகன் அண்ணன். அண்ணன் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். இரங்கல் கூட்டத்தில் பேசும் பேச்சா என்று கேட்கட்டும். தலைவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் காளையை அடிமாடாக அனுப்புவதுதான் மரியாதையா?

அந்தக் காளை சங்கத்துடையது அல்ல, செல்லக்கிளி அம்மாவுடையது. இன்று காலை அவர்களிடம் போய்க் கேட்டேன். கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்கள். “ஓட்டிகினு போ. இந்த வாட்டியாவது விக்காம வையி” என்றார்கள்.

விற்க மாட்டேன். தலைவர் தொடங்கியதை நிறுத்தவும் மாட்டேன். காளை இப்போது எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது. லாரியோடு வருபவர்கள் வந்த வழியே திரும்பிப் போகலாம். சினைப் பருவத்துக்கு வந்த பசுவோடு வருபவர்கள் எந்த நேரமும் வாருங்கள்.