பெட்டிக்காரியின் இரண்டாம் பாகம்

நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கும் இந்தத் தாளில் கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை ஐயா. ஆனால் தொழில் என்ற இடத்தில் 'அச்சகத் தொழிலாளி' என்று போட்டிருக்கிறீர்கள். நான் மெய்ப்புப் பார்ப்பவன். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதன் பிழைகளைத் திருத்துகிறவன். இருபத்தேழு வருடமாக ஒரே பதிப்பகம், ஒரே மேசை, ஒரே சிவப்புப் பேனா. அதை மட்டும் மாற்றிவிடுங்கள். மற்றதை நானே சொல்கிறேன்.

எழுத்தாளர் அம்மாவின் முதல் நாவலை ஊருக்கு முன்னால் படித்தவன் நான். உங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். அதை வாங்காத வீடு குறைவு, வாசித்த வீடு அதைவிடக் குறைவு. பத்து வருடம் குடித்தனம் செய்த ஒருத்தி, ஒரு காலையில் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். ரயில் நிலையத்தில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று தொலைதூரம் போவது. மற்றதில் ஏறினால் வீட்டுக்கே திரும்பிவிடலாம். இரண்டுக்கும் நடுவே அவள் நிற்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. வாசகர்கள் அவளைப் பெட்டிக்காரி என்றே அழைத்தார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடைசிப் பக்கத்தை மாதம் ஒருமுறையாவது வாசித்துவருகிறேன். எதில் ஏறினாள் என்று சொல்லாததுதான் அந்தப் புத்தகத்தின் அழகு.

என் மனைவிக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். மூன்றாம் முறை வாசிப்பதற்குள் போய்விட்டாள். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

போன மாதம் பதிப்பாளர் ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தார்.

"அம்மா ரெண்டாம் பாகம் எழுதிட்டாங்க. படிக்கிறவங்க தொல்லை தாங்கலையாம். பத்து நாள்ல பாத்துக் குடுத்துடுங்க."

படிக்கிறவர்கள் கேட்டால் எழுதிவிடுவதா? அவர்கள் நாளைக்கு மூன்றாம் பாகமும் கேட்பார்கள். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். இங்கே முதல் நேராக இருந்தும் முற்றும் கோணல்.

முதல் புத்தகத்தில் பெட்டிக்காரி பேசுவது மொத்தம் நாற்பத்தொரு வரி. எண்ணியிருக்கிறேன். இதில் அவளுக்கு வாய் ஓய்வதே இல்லை. தையல் கடை வைக்கிறாள். உடம்பு போடுகிறாள். பக்கத்துக் கடைக்காரியோடு சினிமாவுக்குப் போகிறாள். பதினேழு இடங்களில் வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். தெரியாத ஊரில் தன்னந்தனியாக இருக்கிறவள் ஒரு நாளாவது வீட்டை நினைத்து அழ வேண்டாமா? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

இருபத்திரண்டாம் அத்தியாயம்தான் மகா மோசம். அதில் அவள் தன் கணவனைப் பற்றிக் கடைக்காரியிடம் சொல்கிறாள். அவள் எழுதிய மளிகைச் சீட்டை அவன் சிவப்புப் பேனாவால் திருத்துவானாம். அவள் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தைத் திருத்தி, மறுபடி நல்லதாக எழுதச் சொல்வானாம். அடியில் ஒப்பமிட்டு, தேதியும் நேரமும் போடுவானாம். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எந்த மனிதன் காரணமில்லாமல் இப்படிச் செய்வான்? பிழை இருந்த இடத்தில் மட்டும்தான் திருத்துவான். அதை எழுத்தாளர் அம்மா எழுதாமல் விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. வேலைக்காரப் பெண் மதியம்தான் வருவாள். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை. மரியாதையாக நாற்காலி போட்டார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலரை மேசையில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார்.

"இந்தக் கணவன் நம்பும்படியா இல்லைம்மா," என்றேன்.

அவர் சிரித்தார். "அவன் ஒருத்தனைத்தான் நான் கற்பனை பண்ணலை. ஒரு வாசகி வந்து சொன்னா. என் புத்தகத்தைப் படிச்சிட்டு வீட்டை விட்டு வந்தவ. தையல் கடை வெச்சிருக்கா. ரொம்ப நல்லா இருக்கா."

கடை எந்தத் தெருவில் என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் என் மடியிலிருந்த தாள்களைக் கவனித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் ஒப்பம், தேதி, நேரம். பேனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களா," என்றார். "மொதல்ல இங்கேருந்து கெளம்புங்க."

எழுந்த வேகத்தில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார். மேசையிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பறித்தான் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. அது மேசையில்தான் கிடந்தது.

பிறகு அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், எங்கெங்கே சறுக்கியிருக்கிறார் என்று வரிவரியாகச் சொல்லி. எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, தெருவைக் கேட்டேன். அவர் என் சட்டைப்பையை நோக்கிக் கையை நீட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஏழாவது பக்கத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தார். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் எட்டாவதையும் வாசித்தேன். அடியில் ஒப்பமிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து 11.40 என்று எழுதி, தாள்களை மேசையில் நேராக அடுக்கிவைத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளை வைத்துத் துப்புத் துலக்கியதாக உங்கள் உதவியாளர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். நான் நேரம் போட்டிராவிட்டால் இன்னும் வேலைக்காரப் பெண்ணைத்தான் மிரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கொன்றேன் என்பது சரி. அதில் திருத்தமில்லை. காரணம் 'தனிப்பட்ட ஆத்திரம்' என்று இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். ஒரு நல்ல நாவல் கெட்டுப்போவதைப் பொறுக்காத வாசகன் என்று போடுங்கள். புத்தகம் எப்படியும் வெளிவரும் என்கிறார்கள். வரட்டும். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் தெருவின் பெயரை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள், அது இல்லாதது பெரிய குறை. அம்மாவின் குறிப்பேட்டில் எங்காவது எழுதியிருக்கும், தேடிப் பார்த்தால் கிடைக்கும். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி தெரிவியுங்கள் ஐயா. அவள் எடுத்துக்கொண்டு போனது என்னுடைய பெட்டி.