முதலில் ஊர், பிறகு நெஞ்சு நோவு

வோபர்ன் நிறுத்தத்தில் பஸ் ஏறியபோது முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் முன் மகள் எங்கே தொண்டு செய்வது என்பதுதான் பேச்சு.

"ஒப்பரேசன் தியேட்டர் எண்டு கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இப்ப வயோதிபர் இல்லம் எண்டா எப்பிடி முகம் குடுக்கிறது?"

"அம்மா, தியேட்டர்ல சுவரோட நிண்டு பாக்கத்தான் விடுவினம். இன்டர்வியூவில என்ன செய்தனி எண்டு கேட்டா, நிண்டனான் எண்டோ சொல்றது?"

"இல்லத்தில மட்டும் என்ன கிழிச்சனி?"

"போன கிழமை ஒரு தாத்தா டொக்டருக்கு வாயே திறக்கேல்லை. நான் தமிழில கேட்டன். அவர் என்னை எந்த ஊர், தாய் தேப்பன் ஆர், ஆற்றை பிள்ளை எண்டெல்லாம் விசாரிச்சு முடிச்சாப்பிறகுதான் நெஞ்சு நோகுது எண்டவர்."

தாய் மகள் பக்கம் திரும்பினார்.

"ஆற்றை பிள்ளை எண்டு சொன்னனி?"

"உங்கட பேரைத்தான். உங்கட கலியாணத்துக்கு வந்தவராம்."

"அப்ப அங்கையே போ. கோயிலை நான் பாத்துக்கொள்ளுறன்."

சிரித்தபடி இறங்கிப் போனார்கள். அந்தத் தாத்தாவின் நெஞ்சு நோவு என்னாயிற்று என்று மட்டும் இருவரும் சொல்லவில்லை. வீடு வரும்வரை எனக்கு அதே யோசனை.