காந்தம் விட்ட கைப்பிடி

இடுப்புவலி எனக்குப் பழகிப்போனது. பன்னிரண்டு வயதில் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க ஆரம்பித்தவனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். இந்த போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை சார். சாய்ந்துகொண்டே சொல்கிறேன்.

நெல்லையப்பன் அண்ணாச்சி அதே தெருவில் ஒரு கொப்பரை மண்டியில் கணக்கு எழுதுபவர். நான் பட்டறையில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பானூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் இரண்டு பேரும் லேத் ஓட்டுவோம். வெறும் ஆசைக்குத்தான். கையகல நீராவி எஞ்சின் செய்து பார்ப்போம். ஐம்பத்திரண்டில், லேத்தைச் சுற்ற, பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் ஒன்று வாங்கினோம். போட்டவுடன் வெறிபிடித்ததுபோல் பாயும். அதை அடக்க நானே ஒரு கன்ட்ரோலர் செய்தேன். மரப்பலகையில் ஏழு பித்தளைக் குமிழ், பின்னால் சுருட்டிய இரும்புக்கம்பி, முன்னால் கைப்பிடி. குமிழ் குமிழாகத் தள்ளினால் வேகம் கூடும். கடைசிக் குமிழில் ஒரு காந்தம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது.

அந்த ஸ்பிரிங், அண்ணாச்சி கேட்டதால் நான் வைத்தது. "எடே திரவியம், எனக்குக் கை வேணும், கேட்டியா. பேனா பிடிச்சாத்தான் மூணு பிள்ளையளுக்கும் கஞ்சி."

நல்ல மனிதர். மூக்குப்பொடி ஒன்றுதான். மூக்கைப் பிழிந்த விரலாலேயே கைப்பிடியைத் தொடுவார். குமிழ்களுக்கு நடுவில் அது பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். நான் ஆணியால் சுரண்டுவேன். தொண்டைவரை வந்துவிடும். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"மெஷினுக்கும் எண்ணெய் வேண்டாமாடே" என்று சிரித்தார்.

சாக்கடையில் இறங்கி வேலை செய்திருக்கிறேன். அங்கே குமட்டியதில்லை. அது யாருடையது என்று தெரியாது, அதனால் இருக்கலாம்.

போன ஞாயிறு காலையில் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். கழுவத்தான். அதிலும் ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டேன். திரும்ப மாட்டவில்லை. அன்றைக்குக் கைப்பிடியை நானே தள்ளினேன், அவரைத் தொடவிடவில்லை.

பத்தரைக்குக் கரண்ட் போனது. அவர் தும்மிக்கொண்டிருந்தார்; கைப்பிடி பின்வாங்கும் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. லேத்தில் இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கில் இரும்புச் சீவல் சுருள்சுருளாகச் சுற்றிக் கிடந்தது.

"கரண்டு வாறதுக்குள்ள இத எடுத்திரட்டு. ஸ்பிரிங் உண்டுல்லா?"

எப்போதும் கேட்பார்.

"உண்டு அண்ணாச்சி" என்றேன்.

மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும், கரண்ட் வந்தது. சீவல் விரல்களையும் சேர்த்துச் சுற்றியது. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் பாதி. பொடி எடுக்கிற விரல்கள். பேனா பிடிப்பதும் அவைதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மெயினை அணைத்தேன். சக்கின்மேல் ரத்தமும் சளியும் பொடியும் குழைந்து கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. கந்தல் எடுத்து முதலில் அதைத் துடைத்தேன். பிறகு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். அவர் மனைவி விஜயம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணாச்சி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா சார். அந்தக் கடனை அவர் எனக்கு இன்னும் தீர்க்கவில்லை.